சேத்துல புதைஞ்சது சேத்துக்குச் சொந்தம்

ஏம்ப்பா, வாளைக் கொஞ்சம் கீழே இறக்கேன். கண்ணைக் குத்துது.

மாட்டே. உன்னால முடியாது, எனக்குத் தெரியும். உன்னை ஆட்டி வைக்கிறவன் எழுந்து போயிட்டான். நான்தான் பார்த்துக்கிட்டே இருந்தேனே! விடுவிடுன்னு நடந்து வந்தே, இந்த வெள்ளைக் கோரை வரிசைக்கு அந்தப் பக்கமா நின்னே. உன் வாயிலேர்ந்து ஒரு குரல் வந்துச்சு: "டேய் இருங்கடா, எங்கம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க. வந்ததும் நேரா பனிமலைக்குப் போயிடலாம்." அவ்வளவுதான். அப்படியே மரமா நின்னுட்டே. நெஞ்சு மட்டும் ஏறி இறங்குது, கண்ணு அப்பப்ப சிமிட்டுது. உள்ளே ஆளு இல்லை.

பயப்படாதே, கடிக்க மாட்டேன். அசையாதவனைக் கடிக்கிறது எங்க சதுப்புல வழக்கமில்லை. உங்காளுங்க அப்படியா? நாங்க தூங்குற நேரமா வந்து முதுகுல ஏத்துவாங்க. ஏத்திட்டு, "செம அடிடா"ன்னு குதிப்பாங்க. தூங்குறவ முதுகுல குத்துறதுக்குப் பேரு செம அடியாம். போகட்டும், அவங்கவங்க வளர்ப்பு.

எம்பேரு உளுவாயி, சேத்து மீன் சாதி. நீங்க வச்ச பேரு சேத்துமூஞ்சி. வச்சுக்கோ, எனக்கென்ன. உன் தலைக்கு மேல என்னமோ எழுத்து மிதக்குதே, 'ரத்தவேங்கை'ன்னு. உங்கம்மா இப்பதான் உள்ளேர்ந்து "புஜ்ஜி, ஓடி வா, ஆறுது"ன்னு கூப்பிட்டாங்க. உன் வாய் திறந்தே கிடக்கு சாமி, உங்க வீட்டுச் சத்தமெல்லாம் அது வழியா இங்கே கேக்குது. குக்கர் விசில் அடிச்சது கேட்டுச்சு, தண்ணி மோட்டாரை யாரோ நிறுத்தினது கேட்டுச்சு. பேரு ரத்தவேங்கை, வீட்டுல புஜ்ஜி. நான் யாருகிட்டயும் சொல்லலை, போ.

அந்த ரோட்டோரம் ஒரு பலகை நட்டிருக்காங்களே, படிச்சியா? 'பாழ்நீர்ச் சதுப்பு. புதிய வீரர்கள் பழக ஏற்ற இடம்.' பழக ஏற்ற இடமாம்! நாங்க என்ன பழகுறதுக்குக் கட்டித் தொங்கவிட்ட மூட்டையா? வாளை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு தெரியாதவனெல்லாம் முதல்ல எங்ககிட்டதான் வர்றான். வெட்டுறான், நாங்க சாகுறோம், அடுத்த மூச்சுல அந்தா அந்த மடுவுல எழுந்திருக்கிறோம். எழுந்து உடம்பை உதறுறதுக்குள்ள அடுத்தவன் வந்து நிக்கிறான். செத்துச் செத்துப் பொழைக்கிறதுன்னு சும்மா பேச்சுக்குச் சொல்வாங்க. எங்களுக்கு அதுதான் பொழப்பே.

அதுக்காக அழுவேன்னு நெனைக்காதே. சாவுக்கெல்லாம் இந்த உளுவாயி அழுததில்லை. வர்றவன் காலை ஒரு தடவையாவது கவ்வாம நான் செத்ததும் இல்லை. கேட்டுப் பாரு, இந்தச் சதுப்புல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு.

என்ன சத்தமா? அது என் வாலு. அது சும்மா இருக்காது, சளப்பு சளப்புன்னு எதையாவது வாரிக் கொட்டிக்கிட்டே இருக்கும். நீ கண்டுக்காதே.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உன் பக்கத்துல நிக்குதே ஒண்ணு, கழுத்துல மணி கட்டிக்கிட்டு, தலைக்கு மேல 'லட்டு'ன்னு எழுத்து மிதக்க, உன் காலையே பார்த்துக்கிட்டு. அது யாருன்னு நெனச்சே?

எங்க வீட்டுக்காரரு.

லட்டு! அவருக்கு ஒரு பேரு இருக்குப்பா. நல்ல பேரு. நான் சொல்ல மாட்டேன், கட்டினவர் பேரை வாயால சொல்றது எங்க பக்கத்துல கிடையாது. ஆனா லட்டு இல்லை. எங்க மாமியார் மட்டும் இருந்திருந்தா, அந்த எழுத்தைப் பார்த்ததும் உன் குடலை உருவியிருப்பாங்க.

அவரைப் பத்திக் குறை சொல்லணும்னா நான் நாள் பூரா சொல்வேன், அது வேற. இந்தக் குமிழி விடுற பழக்கம் இருக்கே! பொழுது சாய்ஞ்சா போதும், சேத்துக்கு மேல வந்து, இதோ இந்த வெள்ளைக் கோரை வரிசையில மூக்கை வச்சுக்கிட்டு, ரோட்டைப் பார்த்துக்கிட்டு, பொளக் பொளக்குன்னு குமிழி விடுவாரு. வீடெல்லாம் கலங்கிப் போகும். நான் அப்பதான் மெழுகி வச்சிருப்பேன். "அங்கே என்னத்தைப் பார்க்குறீங்க?"ன்னா, "அந்தப் பக்கம் மண்ணு காய்ஞ்சிருக்குமாமே உளுவா, நடந்தா காலடிச் சத்தம் கேக்குமாமே"ம்பாரு. சத்தம் கேட்டு என்ன ஆகப் போகுது? சத்தம் சோறு போடுமா? இப்படித்தான், ஒரு பருவம் பூரா அந்த ரோட்டையே பார்த்துக்கிட்டுக் கிடந்தாரு. கோரை பூத்திருந்த நேரம் அது.

வெள்ளைக் கோரையை நாங்க தாண்ட மாட்டோம். சொல்லிடுறேன், முடியாதுன்னு இல்லை. அந்த வரிசைகிட்ட வந்தா நாங்களாத் திரும்பிடுவோம். அது எங்க மரியாதை. அடிச்சவன் அந்தப் பக்கம் ஓடினா, போய்த் தொலையட்டும்னு விட்டுட்டு வர்றது. உங்காளுங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "இதுங்களால வர முடியாதுடா"ன்னு அம்பு விடுவாங்க. நாங்க வர்றதில்லைடா மக்குப் பசங்களா. வர முடியாததும் வராததும் ஒண்ணா?

சரி. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா, அவரு குமிழி விட்டுக்கிட்டிருந்தாரு. நான் ரெண்டு வார்த்தை சொன்னேன். என்ன சொன்னேன், எல்லா வீட்டுலயும் சொல்றதுதான். "அந்தப் பக்கமே பார்த்துக்கிட்டுக் கிடக்குறதுக்கு அங்கேயே போய்த் தொலைங்க"ன்னேன். அதுல ஒண்ணும் இல்லை. இப்ப உங்கம்மா உன்னைச் சொல்லலை? "அந்தப் பொட்டிக்குள்ளயே போய்த் தொலை"ன்னு சொன்னாங்களே, காதால கேட்டேனே. அதுக்காக நீ போயா தொலைஞ்சே? ஒழுங்காப் போய்ச் சாப்பாட்டுல உக்காந்திருக்கேல்ல? அதைச் சொல்றேன்.

அந்த நேரம் பார்த்து நீ வந்தே. பைக்குள்ளேர்ந்து வறுத்த வெட்டுக்கிளியை எடுத்துப் போட்டே. கையில மணியை வச்சுக்கிட்டு ஆட்டினே. என் கண்ணு முன்னாடி, அவரு ஒரு காலை எடுத்து வச்சாரு. அந்தத் துடுப்புக்கால் கோரையைத் தாண்டுச்சு. அடுத்த காலு. திரும்பிக்கூடப் பார்க்கலை. எங்க வம்சத்துல ஒருத்தர் காலும் தாண்டாத கோடு! வசியம் இல்லாம அது நடக்குமா? நீயே சொல்லு.

எங்க நாத்தனார் அயிரை ஒருத்தி இருக்கா. அவ என்ன சொல்றா தெரியுமா? "அண்ணி, மணியைக் கழுத்துல கட்டினது அண்ணன் கோட்டைத் தாண்டின பிறகுதானே? கட்டாத மணி எப்படி வசியம் பண்ணும்?" எப்படி இருக்கு பாரு! கூடப் பிறந்தவ பேசுற பேச்சா இது? தூரத்துலேர்ந்து ஆட்டினாலே காதுக்குள்ள ஏறிடும், இது தெரியாதா? அன்னையிலேர்ந்து அவளோட எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. இன்னைக்குக் காலையிலதான் பேசினேன். அதுவும் ஒரே ஒரு காரியமா.

அப்புறம் நீ அவரைக் கூட்டிக்கிட்டு இங்கே வந்தே, ஞாபகம் இருக்கா? கூட்டாளிகளுக்குக் காட்டுறதுக்கு. "பாருங்கடா, இது தன் சொந்த இனத்தையே கடிக்கும்." ஒரு மந்திரத்தைச் சொல்லி அவர் கழுத்து மணியை அடிக்க வச்சு, "லட்டு, கடி"ன்னே. அவர் வந்தாரு. மணி ஆடிக்கிட்டே வந்தாரு. இதோ இந்த விலாவுலதான் கடிச்சாரு. நான் ஓடலை. ஓடியிருக்கலாம், ஓடலை. வசியம்தான் கடிக்குது, அவர் இல்லைன்னு நின்னேன்.

செத்துட்டேன். அது கிடக்கட்டும், தினம் சாகுறதுதான். மடுவுல எழுந்தா உடம்பு புதுசு, ஒரு கீறல் கிடையாது. ஆனா இந்த விலா மட்டும் வலிக்குது. புது உடம்புல பழைய வலி எப்படிப்பா வரும்? கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியலை. உனக்குத் தெரிஞ்சா சொல்லு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன். லட்டுங்கிறதையும் பொறுத்தேன். ஆனா பனிமலைங்கிறே பாரு, அதை மட்டும் பொறுக்க மாட்டேன். வசியப்பட்டவங்க செத்தா மடுவுக்குத் திரும்புறதில்லை, தெரியுமா உனக்கு? மேலக்குட்டையில முசுறின்னு ஒருத்தி இருந்தா. கலகலன்னு பேசுவா. ஒருத்தன் மணி கட்டிப் பனிமலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். பனியில ஈரம் எங்கே இருக்கு? தோலு வெடிச்சுச் செத்துப் போனா. அவ எழுந்திருப்பான்னு அவ பிள்ளைங்க இன்னும் மடு ஓரத்துலயே உக்காந்திருக்குதுங்க. அவனுக்கென்ன, வேற ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டான்.

எங்க வீட்டுக்காரர் பனிமலைக்கு வர மாட்டாரு. சொல்லிட்டேன். நீ சாப்பிட்டுட்டு வா, தூங்கிட்டு வா, உங்க ஊரு ராஜாவையே கூட்டிக்கிட்டு வா. வர மாட்டாரு.

இரு இரு, உங்கம்மா என்னமோ சொல்றாங்க.

"இன்னும் ஒரு துண்டு மீன் வச்சுக்கோடா, குழம்பு மிச்சமாகுது"ங்கிறாங்க.

மீனா! அடப்பாவி, அங்கேயும் மீனா? இங்கே பகல் பூரா எங்களை வெட்டினது பத்தாதுன்னு அங்கே போய்க் குழம்பா? எந்தக் குளத்துப் பொண்ணு பெத்ததோ! நல்லாச் சாப்பிடு. முள்ளு பார்த்துச் சாப்பிடு. மெதுவாச் சாப்பிடு, அவசரமே இல்லை. உங்கம்மா சொல்றதைக் கேளு, இன்னொரு துண்டு வாங்கிக்கோ. எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேணும்.

எதுக்கு நேரமா? சொல்றேன். உள்ளே ஆளு இல்லாதப்போ சொன்னா என்ன.

எங்க சதுப்புல ஒரு சட்டம் உண்டு. சேத்துல புதைஞ்சது சேத்துக்குச் சொந்தம். உங்காளுங்க ஓடுறப்போ செருப்பு மாட்டிக்கும், விட்டுட்டுப் போவாங்க, அது எங்களுது. வாளு நழுவும், கேடயம் நழுவும்; தலை முழுகிடுச்சுன்னா எங்களுது. தேடிக்கிட்டுத் திரும்பி வந்தவன் யாருக்காவது கிடைச்சிருக்கா? கிடைக்காது. முழுகினதுமே அதுல இருந்த பேரு அழிஞ்சிடும். என் வீட்டு வாசல்ல எத்தனை செருப்பு கிடக்குது தெரியுமா! ஒண்ணும் ஜோடி கிடையாது.

மணி கட்டினா வசியம். எல்லாருக்கும் தெரியும். மணி எதனால வசியம்? சத்தத்தால. மணிக்குள்ள சேறு போனா?

இதை நான்தான் யோசிச்சேன். அயிரை, தான் யோசிச்சதா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறா, நம்பாதே. அவ பண்ணினது ஒண்ணே ஒண்ணுதான். தினமும் உங்கம்மா கூப்பிடுறப்போ நீ இங்கேதானே மரமா நிப்பே, இன்னைக்கும் வந்து நின்னதும் பின்னாடி மேலக்குட்டை மடையைத் திறந்துவிட்டா. தண்ணி பாட்டுக்கு வந்துக்கிட்டிருக்கு, உன் காலுக்குக் கீழே இருந்த கட்டாந்தரை ஊறிக்கிட்டிருக்கு. மிச்சமெல்லாம் என் வாலு. சளப்பு சளப்புன்னு கேட்டியே, அது சும்மா ஆட்டின வாலுன்னா நெனச்சே? இவ்வளவு நேரமா உன்கிட்ட வாயடிச்சதும் சும்மா இல்லை. அவர் காதுல என் குரலு விழுந்துக்கிட்டே இருக்கணும். மணிச் சத்தம் கேட்டுக் கேட்டு மந்தமாப் போன காது அது.

குனிஞ்சு பாரு. முடியாதுல்ல, சரி நானே சொல்றேன். உனக்கு முட்டி வரைக்கும் வந்தாச்சு. அவருக்குக் கழுத்து. மணி பாதி முழுகிடுச்சு. சேத்துக்கு ஏதுப்பா கோடு? நாங்கதான் தாண்ட மாட்டோம், சேறு எங்கே வேணும்னாலும் போகும்.

என்னங்க, மூச்சை அடக்கிக்கோங்க. பயப்படாதீங்க, நம்ம சேறுதான். இந்தா ஒரு வாலு சேறு. இந்தா இன்னொண்ணு. ஏய் அயிரை, மடையை இன்னும் அகலமாத் திற! நின்னு வேடிக்கை பார்க்குறா பாரு! உன் அண்ணன்டி!

மூக்கு முழுகிடுச்சு. கண்ணு. அந்தக் கண்ணு என்னைப் பார்க்குதா, உன் காலைப் பார்க்குதான்னு தெரியலை. முழுகிடுச்சு.

ஐயோ.

தெரியும், முழுகணும்னுதான் முழுக வச்சேன். இருந்தாலும் கண்ணால பார்க்குறது வேற இல்லையாப்பா.

அந்த எழுத்தைப் பாரு. 'லட்டு', சேத்துக்கு மேல தனியா நிக்குது. மங்குது பாரு. மங்குது, மங்குது... போச்சு! போச்சுடா உன் லட்டு!

ஓ. வந்துட்டியா? கண்ணு நிலைச்சு நிக்குதே. கை அசையுதே. வாப்பா புஜ்ஜி, சாப்பிட்டியா?

"ஐயய்யோ, என்னடா இது, சேத்துக்குள்ள நிக்குறேன்! லட்டு எங்கடா? லட்டூ!"

கூப்பிடு. நல்லாக் கூப்பிடு. எங்கே, அந்த மந்திரத்தைச் சொல்லி மணியை அடிக்க வை. சொல்லிட்டியா? என்ன, சத்தமே வரலை? இன்னொரு தடவை சொல்லிப் பாரு. வராதுடா. மணி வாய் நிறையச் சேறு. சேத்துல புதைஞ்சது சேத்துக்குச் சொந்தம்!

காலை இழுக்காதே, இழுக்க இழுக்க இறங்கும். கொஞ்சம் பொறு, உன்னைக் கவனிக்க வர்றேன். முதல்ல அவரைப் பார்த்துக்கிறேன்.

அந்தா, குமிழி! பொளக். இன்னொண்ணு, பொளக். அயிரை, பாருடி, உன் அண்ணன் குமிழி விடுறாரு! அந்தச் சனியன் பிடிச்ச குமிழி!

எங்கே போறாரு? இங்கே இல்லே வரணும்? குமிழி அந்தப் பக்கமால்ல போகுது, ரோட்டுப் பக்கமா. மணி வாயடைச்சாச்சு, எழுத்து அழிஞ்சாச்சு, அப்புறம் எதுக்கு அந்தப் பக்கம்? திக்குத் தெரியலை, பாவம். கண்ணுல சேறு. வேற ஒண்ணுமில்லை. அயிரை, நீ வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்.

என்னங்க! இந்தப் பக்கம்! வீடு இந்தப் பக்கம்!

நிக்க மாட்டேங்குறாரே. பொளக், பொளக்னு போய்க்கிட்டே இருக்காரே. இன்னும் கொஞ்சம் போனா சேறு முடிஞ்சிடும். காய்ஞ்ச மண்ணு வந்துடும்.

என்னங்க!

டேய், நீ கத்தாதேடா, அவருக்குக் காது கேக்கட்டும்!

குரவையா!

யோவ் குரவையா! உன்னைத்தான்யா! நான்தான் கூப்பிடுறேன், உளுவா கூப்பிடுறேன்!

...நின்னுட்டாரு.

கேட்டுச்சா? பேரைச் சொல்லிட்டேன். ஊரே கேக்கச் சொல்லிட்டேன், இனி என்ன. குமிழிதானே, விட்டுக்கோங்க. வீடு கலங்கினா கலங்கிட்டுப் போகுது. ரோட்டைப் பார்க்கணுமா, பாருங்க, நானும் பக்கத்துல உக்காந்து பார்க்குறேன். அந்த மண்ணு சத்தம் போடுமா போடாதான்னு ரெண்டு பேருமாவே கேப்போம். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சரி, ஒரு வார்த்தை சொல்வேன். அதுக்கு மேல சொல்ல மாட்டேன்.

பொளக்.

திரும்புது. அயிரை, திரும்புதுடி. எனக்குத் தெரியும், திக்குதான் தெரியாம இருந்துச்சு. நான் சொன்னேன்ல?

இப்ப நீ வாப்பா. என்ன, வாளை என் பக்கம் நீட்டுறே? நல்லது. கை அசையுது, காலு அசையுது, நல்லா முழிச்சுக்கிட்டும் இருக்கே. அசையாதவனைத்தான் நாங்க கடிக்கிறதில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன்கிறியா? எந்தக் கோடு? வெள்ளைக் கோரை எங்கேன்னு நீயே தேடிப் பாரு. காணோம்ல? சேத்துக்குள்ள போயிடுச்சு. அதுவும் எங்களுதுதான்.

அந்தப் பலகையில என்ன எழுதியிருந்துச்சு, புதுசா வர்றவங்க பழக ஏற்ற இடமா? வா, நானும் இப்பதான் பழகப் போறேன், கோட்டைத் தாண்டி. முதல் தடவை. கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், பொறுத்துக்கோ.

என்னங்க, விலாவை உரசிக்கிட்டுப் போகாதீங்க, வலிக்குது. நீங்க முன்னாடி வீட்டுக்குப் போங்க. வாசல்ல செருப்பு கிடக்கும், பார்த்துப் போங்க. நான் இவனைக் கவனிச்சுட்டு வந்துடுறேன்.